ஆதாரம் எங்கே?

ஆராய்ச்சி என்றால் புதியது காண்பது என்று எல்லோரும் அறிவோம். ஆனால் ஒன்றைப் புதியது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் உலகத்தார் எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் இடம் நூல் நிலையம். தெரிந்துகொண்டதை, 'இன்னாரிடமிருந்து, இன்ன பக்கத்திலிருந்து பெற்றேன்' என்று எழுதி வைக்கும் முறைக்கு மேற்கோள் காட்டுதல் என்று பெயர். இவ்விரண்டையும் பற்றி, காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் ரசாயன முதுகலை வகுப்பில் பயிலும் ஒரு மாணவன் என்ற முறையில், நம் சங்கத்து நண்பர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். கலை மாணவர், விஞ்ஞான மாணவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் இவை பயன்படும் என்று நம்புகிறேன்.

நம்மில் பலர் ஏறக்குறைய இரண்டு நாள் ரயிலில் வந்து இங்கே படிப்பவர்கள். வகுப்பில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி, விடுதி அறையில் தமிழ் என்று மூன்று மொழிகளில் நம் வாழ்க்கை நடக்கிறது. நூல் நிலையத்துச் சிப்பந்தியிடம் ஒரு புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்கவே சிலர் கூச்சப்படுகிறார்கள். கேளாமலே திரும்பி வந்து, கைப்பேசியில் முதலில் வரும் விடையை எழுதிக்கொண்டு விடுகிறார்கள். இதனால் வரும் நஷ்டம் மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை. அதை ஓர் உண்மை வழக்கைக் கொண்டு முதலில் விளக்குகிறேன்.

மஞ்சள் தந்த பாடம்

கையில் அரிவாள்மணை பட்டுவிட்டால் நம் வீட்டுப் பாட்டிமார் முதலில் தேடுவது மஞ்சள் தூளை. இது யாரும் கண்டுபிடித்துச் சொல்லி நாம் தெரிந்துகொண்டதன்று. ஆயினும் 1995-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், காயம் ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு, அமெரிக்காவிலுள்ள மிசிசிப்பி பல்கலைக் கழக மருத்துவ மையம் ஒரு பேடண்ட் பெற்றது. அதன் எண் 5,401,504. பேடண்ட் என்பது ஒரு புதிய கண்டுபிடிப்புக்குக் குறிப்பிட்ட காலம் வரை அரசாங்கம் வழங்கும் தனியுரிமை. பொருள் புதியதாக இருந்தால்தான் அவ்வுரிமை கிடைக்கும்.

'இது எங்கள் பாட்டிக்கே தெரியுமே' என்று நாம் சொல்லலாம். ஆனால் அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி, வேறொரு நாட்டில் ஒரு வழக்கம் இருந்து வந்தது என்று வாயால் சொன்னால் போதாது. அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். நம் நாட்டின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1996-ம் ஆண்டில் அந்தப் பேடண்டை எதிர்த்து வழக்காடியது. சம்ஸ்கிருதம், உருது, இந்தி முதலிய மொழிகளிலிருந்து 32 ஆதாரங்களைத் திரட்டி முன் வைத்தது. அவற்றுள் ஒன்று, இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-ம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரை. 1997-ம் ஆண்டில் பேடண்ட் செல்லாது என்று முடிவாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1953-ல் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். ஓர் இதழ் அதை அச்சிட்டது. ஏதோ ஒரு நூல் நிலையம் அவ்விதழைக் கட்டடம் செய்து அலமாரியில் காப்பாற்றியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அதைத் தேடி எடுத்தார். இந்நான்கு காரியங்களில் ஒன்று தவறியிருந்தாலும் அந்த ஆதாரம் நமக்குக் கிடைத்திராது. கோடிக்கணக்கான வீடுகளில் இருந்த அறிவு சபை ஏறுவதற்கு, ஆண்டும் பக்கமும் உள்ள ஒரு தாள் தேவையாயிற்று.

இந்த அனுபவத்திற்குப் பிறகே, 2001-ம் ஆண்டில், பாரம்பரிய அறிவு மின்னூலகம் என்ற பெருந்திட்டம் தொடங்கப்பெற்றது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் ஆகிய முறைகளைப் பற்றிய பழைய நூல்களிலுள்ள மருந்துக் குறிப்புகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் பெயர்த்து, பேடண்ட் அலுவலகங்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நம் சித்த மருத்துவ நூல்கள் தமிழில் இருப்பதால், அத்திட்டத்தின் மூல மொழிகளுள் தமிழும் ஒன்று.

ஒன்றை மறந்துவிடலாகாது. அந்த வழக்கு, 'மஞ்சளைக் காயத்திற்குப் பயன்படுத்துவது பழைய செய்தி' என்பதைத்தான் நிலைநாட்டியது. 'மஞ்சள் எல்லா நோயையும் தீர்க்கும்' என்பதை அன்று. ஓர் ஆதாரம் எதைச் சொல்கிறதோ அதற்கு மட்டுமே அது ஆதாரம். இக்கட்டுரையில் நான் சொல்ல வருவனவற்றுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

திண்ணையும் உள்ளறையும்

நூல் நிலையத்தில், வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதியாத புத்தகங்கள் ஒரு பகுதியில் இருக்கும். இவற்றைக் குறிப்புதவி நூல்கள் என்பார்கள். ரெபரன்ஸ் புத்தகங்கள் என்று பேச்சில் சொல்கிறோம். இவை முதலிலிருந்து கடைசி வரை படிப்பதற்கு ஏற்பட்டவை அல்ல. ஒரு வினாவுக்கு விடை தேடிப் பார்ப்பதற்கு ஏற்பட்டவை. இவற்றில் பல வகைகள் உண்டு. ஒரு வீட்டுக்குள் போகும்போது திண்ணை, ரேழி, கூடம் என்று படிப்படியாக உள்ளே செல்வது போல, இவற்றையும் வரிசையாகப் பயன்படுத்த வேண்டும். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதற்படி, அகராதியும் கலைக்களஞ்சியமும். குர்குமின் என்றால் என்ன, அது எந்தத் துறையைச் சேர்ந்தது, அதைப் பற்றிப் பேசும்போது என்னென்ன சொற்கள் வழங்குகின்றன என்பதை இங்கே அறியலாம். தமிழில் இத்தகைய நூல்கள் இல்லை என்று நினைப்பவர் நம்மிடையே இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக் கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ் லெக்சிகனை வெளியிட்டது. 1939-ல் அனுபந்தமும் வந்தது. பெரியசாமித் தூரன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இரண்டையும் இன்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட விஞ்ஞானச் செய்தியை இன்றைய செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது உண்மையே. ஆயினும் ஒரு கருத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு அவை இன்றும் நல்ல துணை.

இரண்டாம் படி, கைநூல்கள். ஒரு பொருளின் உருகுநிலை, கரையும் தன்மை, மூலக்கூறு எடை முதலிய எண்களை இவற்றில் காணலாம். 1889-ல் முதன்முதலாக வெளிவந்த மெர்க் இண்டெக்ஸ், நூறு பதிப்புகளுக்கு மேல் கண்ட சி.ஆர்.சி. ஹாண்ட்புக் ஆகியவை ரசாயன, பௌதிக மாணவர்கள் கைவிடாத நூல்கள். குர்குமினின் ஒரு மூலக்கூறில் 21 கார்பன், 20 ஹைட்ரஜன், 6 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன என்பதையும், அது ஏறக்குறைய 183 டிகிரி சென்டிகிரேடில் உருகும் என்பதையும் இங்கே பார்க்கலாம். இரண்டு கைநூல்களில் எண் சிறிது வேறுபட்டிருக்கவும் கூடும். ஆகையால் எந்தக் கைநூல், எத்தனையாவது பதிப்பு என்று கையோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி, சுருக்கத் தொகுதிகளும் அட்டவணைகளும். உலகில் வெளியாகும் ரசாயனக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தொகுத்துத் தரும் கெமிகல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் 1907-ல் தொடங்கியது. அச்சுப் பிரதி 2010-ல் நின்றுவிட்டது. இப்பொழுது கம்ப்யூட்டர் வழியாகவே பார்க்கிறோம். ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பதால் தேடுவது கடினம். அதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். குர்குமினின் எண் 458-37-7. எந்த நாட்டார் எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் இந்த எண் மாறாது. நம் நாட்டு ஆராய்ச்சிப் பட்டக் கட்டுரைகளைத் தேடுவோருக்கு இன்ப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா இருக்கிறது.

நான்காம் படி, மதிப்புரைக் கட்டுரைகள். ஒரு பொருளைப் பற்றி இதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து எழுதுவன இவை. குர்குமினைப் பற்றி நெல்சன் முதலியோர் 2017-ல் எழுதிய கட்டுரை, அப்பொருள் உடலில் நிலைத்து நிற்பதில்லை என்றும், சோதனைக் குழாயில் அது தரும் அறிகுறிகள் பல நம்மை ஏமாற்றக் கூடியவை என்றும் எடுத்துக் காட்டியது. இதைப் படியாமல் குர்குமினில் இறங்கும் மாணவன், பிறர் ஏமாந்த இடத்திலேயே தானும் ஓராண்டு உழைக்க நேரும்.

ஐந்தாம் படியே மூலக் கட்டுரை, அதுவே உள்ளறை. முதல் நான்கு படிகளும் நம்மை அங்கே கொண்டு சேர்ப்பதற்காக ஏற்பட்டவை. கலைக்களஞ்சியத்தோடு நின்றுவிடுபவன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வீட்டை வருணிப்பவன் ஆவான்.

வாசகன் நேரம் வீண்போகாமல்

இவ்வளவு நூல்களுக்கிடையே வேண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு விடை தந்தவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். 1931-ல் நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். 1933-ல் கோலன் பகுப்பு முறையைத் தந்தார். பின்னர் 1945 முதல் 1947 வரை நம் காசிப் பல்கலைக் கழகத்திலேயே நூலகராகப் பணியாற்றி, அதன்பின் தில்லிக்குச் சென்றார். நம்மைப் போலவே தமிழ் நாட்டை விட்டு வடக்கே வந்து உழைத்தவர் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

அவருடைய நான்காம் விதியின் கருத்து, வாசகனுடைய நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண் இதற்காகவே ஏற்பட்டது. டூயி முறையில் ரசாயனத்திற்கு 540, பௌதிகத்திற்கு 530, தமிழ் இலக்கியத்திற்கு 894.811. ஒரு நல்ல புத்தகத்தின் எண் தெரிந்துவிட்டால், அதன் இரு பக்கமும் இருக்கும் புத்தகங்களையும் எடுத்துப் பாருங்கள். ஒரே பொருளைப் பற்றியவை அடுத்தடுத்து நிற்கும்படிதான் அடுக்கியிருக்கிறார்கள். நாம் பெயரறியாத புத்தகம் நம் கைக்கு வருவது பெரும்பாலும் இவ்வழியில்தான்.

நூலகரிடம் கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கேட்கும்போது, 'மஞ்சளைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?' என்று பொதுவாகக் கேளாமல், 'குர்குமின் எந்த வெப்பநிலையில் சிதைகிறது என்று பார்க்க வேண்டும்' என்று குறிப்பாகக் கேளுங்கள். வினா தெளிவாக இருந்தால் உடைந்த இந்தியே போதும். மேலும், 2025-ம் ஆண்டு ஜனவரி முதல் மத்திய, மாநில அரசுக் கல்வி நிலையங்களின் மாணவர்கள், ஏறக்குறைய 13,000 ஆராய்ச்சி இதழ்களைப் பொதுச் சந்தா ஒன்றின் மூலம் படிக்க இந்திய அரசாங்கம் வழி செய்திருக்கிறது. வாசல் திறந்திருக்கும்போது நாம் வெளியே நிற்பதேன்?

மூலத்தைப் பார்

ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தாள, அவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தாள, மூலத்தை யாருமே திறந்து பாராமல் ஒரு செய்தி உலகைச் சுற்றி வருவதுண்டு. அதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன்.

1980-ம் ஆண்டில், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளியாயிற்று. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் 11,882 பேருக்கு அபினி இனத்தைச் சேர்ந்த வலிநீக்கி மருந்து கொடுக்கப்பட்டது என்றும், அவர்களுள் நால்வர் மட்டுமே அதற்கு அடிமையானதாகத் தக்க குறிப்பு இருந்தது என்றும் அக்கடிதம் கூறியது. அவ்வளவுதான். வீட்டில் மாதக்கணக்காக அம்மருந்தை உண்பவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2017-ம் ஆண்டில் சில ஆராய்ச்சியாளர் அக்கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளைத் தேடி எடுத்துப் படித்தார்கள். அவற்றுள் 439, இம்மருந்தால் அடிமைத்தனம் ஏற்படுவது அரிது என்பதற்குச் சான்றாக அக்கடிதத்தைக் காட்டியிருந்தன. 491 வெளியீடுகள், அந்நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. வட அமெரிக்காவில் இம்மருந்துகளுக்கு அடிமைப்பட்டு ஏராளமானோர் மாண்டனர். அப்பேரிடருக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இந்தத் தவறான மேற்கோளும் ஒன்று என்று அவ்வாராய்ச்சியாளர் கருதினார்கள். ஐந்து வாக்கியங்களைப் படிக்க ஒரு நிமிஷம் போதும்! அந்த ஒரு நிமிஷத்தைச் செலவிடாதவர்கள் எத்தனை பேர் பாருங்கள்.

ஆகவே, நான் கடைப்பிடிக்கும் முறை இது. நான் திறந்து படித்ததை மட்டுமே நேராக மேற்கோள் காட்டுவேன். மூலம் கிடைக்காவிட்டால், 'இன்னார் கூறியதாக இன்னார் எழுதியிருக்கிறார்' என்று உள்ளபடியே எழுதுவேன். மூலக் கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வேன். குர்குமினைப் பற்றிய கட்டுரைகளிலேயே சில அவ்வாறு திரும்பப் பெறப்பட்டுள்ளன.

மேற்கோள் எழுதும் முறை

துறைக்குத் துறை முறை வேறுபடும். ரசாயனத்தார் எண்ணிட்டு எழுதுவர். சமூக இயலார் ஆசிரியர் பெயரும் ஆண்டும் எழுதுவர். எம்முறையானாலும் அதன் நோக்கம் ஒன்றே: படிப்பவர் நம்மைக் கேளாமலே அந்தப் பக்கத்திற்குப் போய்ச் சேர வேண்டும். தபால் விலாசம் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவிலக்கம் இல்லாவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்? இதழ்க் கட்டுரையானால் ஆசிரியர், இதழ், தொகுதி, ஆண்டு, பக்கம் ஆகிய ஐந்தும் வேண்டும். மேலே சொன்ன கட்டுரையை, 'கே. எம். நெல்சன் முதலியோர், ஜர்னல் ஆப் மெடிசினல் கெமிஸ்ட்ரி, 60, 1620-1637 (2017)' என்று எழுதினால் உலகத்தின் எந்த மூலையிலும் அதை எடுத்துவிடலாம். நூலானால் ஆசிரியர், நூற்பெயர், பதிப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம் ஆகியவை வேண்டும். இணையப் பக்கமானால் அதை நாம் பார்த்த தேதியையும் சேர்க்க வேண்டும். ஏனெனில் அது நாளை மாறிவிடலாம்.

தமிழராகிய நமக்கே உரிய ஒரு சிக்கல் பெயரைப் பற்றியது. விண்ணப்பத் தாளில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழிக்காத தமிழ் மாணவர் இங்கே யாரும் இல்லை. நமக்கு இருப்பது தந்தை பெயரின் தலையெழுத்தும் தன் பெயரும்தான். கணித மேதை சீனிவாச ராமானுஜன் பெயரில் சீனிவாச என்பது தந்தை பெயர். வான இயல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரிலும் முற்பகுதி தந்தையுடையதே. இருவரையும் நூற்பட்டியலில் ராமானுஜன், சந்திரசேகர் என்றே தேடுகிறோம். ஆதலால் தமிழ்ப் பெயர்களைக் குறிக்கும்போது தன் பெயரை முதலில் எழுதி, தலையெழுத்தைப் பின்னால் எழுதுவதே பொருத்தம். நீங்கள் கட்டுரை எழுதத் தொடங்கும்போது உங்கள் பெயரை ஒரே விதமாக எப்பொழுதும் எழுதுங்கள். ஓரிடத்தில் தந்தை பெயரை விரித்தும், ஓரிடத்தில் சுருக்கியும் எழுதினால், அட்டவணையில் நீங்கள் இருவராகிவிடுவீர்கள். இக்குழப்பத்தைத் தவிர்க்க 2012 முதல் ஆராய்ச்சியாளருக்கு ஆர்கிட் என்ற பதினாறு இலக்க எண் இலவசமாக வழங்கப்படுகிறது.

பழந்தமிழ் நூல்களை மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணைவிடப் பாட்டெண்ணே மேலானது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். புறநானூற்றின் பாட்டெண்ணும் திருக்குறளின் எண்ணும் பெரும்பாலும் மாறா. உரையை எடுத்தாண்டால் யாருடைய உரை, எந்தப் பதிப்பு என்று சொல்லியே ஆக வேண்டும். பழைய தமிழ்ப் புத்தகங்கள் சிலவற்றில் ஆங்கில ஆண்டு இராது. 'பார்த்திப வருஷம்' என்று மட்டும் இருக்கும். பார்த்திப வருஷம் 1885-லும் தொடங்கியது, 1945-லும் தொடங்கியது. அச்சகத்தின் பெயர், முன்னுரையில் காணும் மனிதர்கள் ஆகியவற்றைக் கொண்டுதான் எது என்று தீர்மானிக்க வேண்டும்.

நம் முன்னோர் இருவர்

மேற்கோள் காட்டுவது மேனாட்டார் வழக்கம் என்று எண்ண வேண்டாம். நம் உரையாசிரியர்கள் மேற்கோள் இல்லாமல் பேசுவதே அரிது. ஆனால் நச்சினார்க்கினியர் பல இடங்களில் பழைய அடிகளை எடுத்துக்காட்டி, அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்று சொல்லாமல், 'என்றார் பிறரும்' என்ற அளவில் நிறுத்திவிடுகிறார். அக்காலத்து மாணாக்கர்களுக்கு அந்நூல்கள் மனப்பாடம். சொல்ல வேண்டிய தேவை இல்லை. காலம் மாறிற்று. நூல்கள் மறைந்து, உரை மட்டும் நின்றது. சீவக சிந்தாமணியை 1887-ல் வெளியிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர், அந்தப் 'பிறர்' யார் யார் என்று தெரிந்துகொள்ள ஏட்டுச் சுவடிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

புறத்திரட்டு என்ற தொகை நூலைத் தொகுத்தவரோ, பாடல்களை எழுதும்போது அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்று பெயரையும் எழுதி வைத்தார். முத்தொள்ளாயிரம் என்ற நூல் முழுமையாகக் கிடைக்காமல் போயிற்று. ஆயினும் அதன் பாடல்கள் நூற்றுக்கு மேல் இன்று நம் கையில் இருக்கின்றன என்றால், பெரும்பாலும் புறத்திரட்டில் அப்பெயர் எழுதப்பட்டிருந்ததே காரணம். தொகுத்தவர் தம் பெயரை நமக்கு விட்டுச் செல்லவில்லை; பிறர் நூலின் பெயரை விட்டுச் சென்றார். மேற்கோள் குறிப்பு என்பது வெறும் சம்பிரதாயமென்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இல்லாத நூலுக்கு மேற்கோள்

இக்காலத்தில் ஒரு புதிய ஆபத்து வந்திருக்கிறது. முதலில் அதன் பழைய வடிவத்தைச் சொல்கிறேன். ஒரு பெரிய பதிப்பகம், மேற்கோளை எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக, வான் டெர் கீர் என்பவர் முதலியோர் விஞ்ஞானக் கட்டுரை எழுதும் கலையைப் பற்றி எழுதியதாக ஒரு மாதிரி மேற்கோளைத் தன் விதிமுறைத் தாளில் அச்சிட்டிருந்தது. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஆயினும் ஏறக்குறைய 400 ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அது மேற்கோளாக இடம் பெற்றுவிட்டது என்பது 2017-ல் வெளியாயிற்று!

இப்பொழுது கேட்டதையெல்லாம் எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவை ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் அழகாக அமைத்துத் தரும். சில சமயம் அந்தக் கட்டுரைதான் உலகில் இராது. 2023-ம் ஆண்டில் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், இத்தகைய கருவி புனைந்து தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினர். அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கருவியைப் பயன்படுத்தலாமா, கூடாதா என்பதை அவரவர் துறைதான் சொல்ல வேண்டும். ஆனால் அது தரும் மேற்கோளை நூல் நிலையத்தில் தேடி, திறந்து, படித்த பின்னரே எழுத வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

விதியும் மனமும்

பல்கலைக் கழக மானியக் குழு 2018-ம் ஆண்டில் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் வகுத்தது. அதன்படி, பட்டத்திற்காகத் தரும் ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி நூற்றுக்குப் பத்து வரை இருந்தால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரையானால், ஆறு மாதத்திற்கு மேற்படாத ஒரு காலத்திற்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரையானால், ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. அறுபதுக்கு மேற்பட்டால் பதிவே ரத்தாகும். முறையாக மேற்கோள் காட்டிய பகுதிகள் இக்கணக்கில் சேரா.

ஆனால் நண்பர்களே, நூற்றுக்கு ஒன்பது திருடலாம் என்று இதற்குப் பொருள் அன்று. கணக்குப் பார்க்கும் இயந்திரம் சொற்களைத்தான் ஒப்பிடும். வாக்கியத்தை மாற்றி எழுதிவிட்டு, கருத்தைத் தந்தவர் பெயரை மறைத்தால் இயந்திரத்திற்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இன்று முதல் செய்யத் தக்கவை

படிக்கும்போதே குறிப்பெடுங்கள், பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தனி அட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் முதல் பக்கம் வரை விலாசத்தை முதலில் எழுதிவிட்டு, அதன் கீழே குறிப்பை எழுதுங்கள். ஆசிரியரின் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் இடுங்கள். உங்கள் சொற்களில் எழுதினால் குறியின்றி எழுதுங்கள். உங்களுக்குத் தோன்றிய கருத்தை வேறு நிற மையில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது எது அவருடையது, எது நம்முடையது என்று தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் செய்ய விரும்புபவர்களுக்கு ஜோட்டெரோ என்ற இலவசக் கருவி உண்டு. அதுவும் அட்டைப் பெட்டியின் வேலையைத்தான் செய்கிறது. படிக்கும் வேலை நம்முடையதே.

நம் விடுதிகளில், மேல் வகுப்பு மாணவர் எழுதிய பழைய பிராஜெக்ட் ஏடுகள் கைமாறி வருவதுண்டு. அவற்றைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் கடைசிப் பக்கங்களிலுள்ள மேற்கோள் பட்டியலை எடுத்துக்கொண்டு, நூல் நிலையத்திற்குச் சென்று, ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இந்தப் பருவத்தில் ஒரு பத்து மேற்கோளையாவது இவ்வாறு சரி பாருங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை அலமாரியில் கண்டால், அடுத்து வருபவருக்காகக் குறித்து வையுங்கள். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், எந்த மொழி பேசுபவராக இருந்தாலும், அக்குறிப்பு அவருக்கு வழி காட்டும்.